பெல்ட்டுக்கு வலிப்பு வந்த வாரம்

கொஞ்சமாகப் படித்தவனால் யாருக்கும் ஆபத்தில்லை. கொஞ்சமாகப் படித்துவிட்டு, அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று துடிப்பவன்தான் ஆபத்தானவன். இருபத்துமூன்று வயதில் நான் அப்படிப்பட்ட ஆபத்தாக இருந்தேன்.

எனக்குப் பேச வராது. எதிரே இரண்டு பேர் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை எல்லாம் பேனாவில் தீர்த்துக்கொள்வேன். பள்ளி இறுதி வகுப்பில் இங்கிலீஷ் வாத்தியார், "ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதுபவன் தரித்திரம் பிடித்தவன்" என்று சொல்லிவைத்திருந்தார். (அவர் சொன்னதிலேயே எனக்கு நினைவில் நின்றது இது ஒன்றுதான். என்ன துரதிர்ஷ்டம் பாருங்கள்!)

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் உலைச் செங்கல் செய்யும் கம்பெனி ஒன்றில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். அரைத்த மண்ணைச் சுமந்துபோகும் கன்வேயர் பெல்ட்டின் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்தால் பர்மனென்ட். அந்தக் கடிதம் கைக்கு வந்தால்தான் பெரியபாளையத்துப் பெண்ணைக் கொடுப்பதாகப் பேச்சு. பெண்ணின் அண்ணன் தாமோதரனும் அதே ஷிப்டில் மண் வெட்டிக்கொண்டிருந்தான். ஆடி ஞாயிறு அன்று ஷிப்டு ஆட்கள் முப்பது பேரையும் கூழ் குடிக்க வீட்டுக்கு அழைத்திருந்தான். என்னையும்தான். அந்தச் சாக்கில் பெண்ணைப் பார்த்துவிடலாம்.

தினமும் ஷிப்டு முடியும்போது, பெல்ட் எப்படி ஓடியது என்று லாக் புத்தகத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுத வேண்டும். எங்கள் பெல்ட்டில் ஓர் ஒட்டு உண்டு. அது ஒவ்வொரு முறை உருளையைத் தாண்டும்போதும் பெல்ட் வெடுக்கென்று ஒரு துள்ளு துள்ளும். வேறு கோளாறு கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் இரண்டு வருடமாக, "பெல்ட் ஜெர்க், ரன்னிங் ஓகே" என்று மந்திரம் போல எழுதிவைத்திருந்தார்கள். பக்கம் பக்கமாக ஜெர்க். புரட்டிப் பார்த்த எனக்கு அவர்கள்மேல் பரிதாபம் வந்தது. வார்த்தைக்கு இவ்வளவு பஞ்சமா!

என்னிடம் அட்டை கிழிந்த அகராதி ஒன்று இருந்தது. திங்கட்கிழமை ஜெர்க் என்றே எழுதினேன். (முன்னோர்களுக்கு மரியாதை.) செவ்வாய், தூக்கிப்போடும் ஜோல்ட். புதன், ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடும் லர்ச். வியாழன், நடுநடுங்கும் ஷடர். வெள்ளி, சுண்டி இழுக்கும் ட்விட்ச். சனிக்கிழமை அகராதியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். ஷாக் என்று எழுதவில்லை. அது எலக்ட்ரீஷியன் சமாச்சாரம். அந்த அளவுக்கு நான் விவரமானவன்! கன்வல்ஷன் என்று எழுதினேன். அதாவது, பெல்ட்டுக்கு வலிப்பு.

அந்த மாதம்தான் புதிதாக ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். லாக் புத்தகத்தை நிஜமாகவே படிக்கிற வினோதமான பழக்கம் அவருக்கு இருந்தது. ஆறு நாளில் ஆறு கோளாறு, நாளுக்கு நாள் முற்றி வலிப்பில் வந்து நிற்கிறது. மனிதர் வெலவெலத்துப் போனார். "பெல்ட்டை நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வரணும்" என்று உத்தரவு வந்தது.

பெரியபாளையத்தில் கூழ் ஆறிக்கொண்டிருக்க, இங்கே மோட்டாரையும் கியர் பெட்டியையும் கழற்றினார்கள். பெல்ட் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் முப்பது பேரும் கூடையில் தலைமேல் சுமந்து செய்தோம். யாரால் இந்தச் சுமை என்று அதுவரை யாருக்கும் தெரியாது. நானும், "அநியாயம்பா!" என்று அவர்களோடு சேர்ந்து முனகிக்கொண்டே சுமந்தேன்.

மதியம்வரை தேடியும் ஒரு கோளாறும் அகப்படவில்லை. இன்ஜினியர் புத்தகத்தோடு வந்தார்.

"இதை எழுதினது யாரு?"

"இவன்தான் சார்," என்றார் மேஸ்திரி ஏழுமலை, பெருமையாக. "எழுத்து முத்து முத்தா இருக்கும்."

"ஜெர்க்குக்கும் ஜோல்ட்டுக்கும் பெல்ட்டு என்னப்பா வித்தியாசமா ஆடுச்சு?"

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"சொல்ல வரலைன்னா செஞ்சு காட்டு."

முப்பது பேர் கூடையை இறக்கிவிட்டு வட்டமாக நின்றார்கள். நான் பெல்ட் ஆனேன். ஜெர்க்குக்குக் கழுத்தை வெட்டினேன். ஜோல்ட்டுக்கும் கழுத்தைத்தான் வெட்டினேன், குதிகாலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு. லர்ச்சுக்கு இடது பக்கம் சாய்ந்தேன். ஷடருக்கு நடிக்க அவசியமே இருக்கவில்லை. ட்விட்ச்சுக்கு ஒரு கண்ணைச் சிமிட்டினேன்.

"இன்னாயா, சாரப் பாத்து கண்ணடிக்கிறான்!" என்றது ஒரு குரல்.

"கடைசி ஒண்ணு?"

கையையும் காலையும் ஒரே நேரத்தில் உதறினேன். கீழே ஈரமண். மல்லாக்க விழுந்து, எழுந்திருக்க முயன்று, மறுபடி வழுக்கிக் கைகால்களை அடித்துக்கொண்டேன்.

"ஐயோ, வலிப்புடா! இரும்பு குடுங்கடா கைல!" என்று கத்திக்கொண்டே தாமோதரன் ஓடிவந்து, ஒரு முழ நீள ஸ்பானரை என் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கி அழுத்தினான். அவன் முகத்தைப் பார்த்தேன். என்மேல் இருந்த கவலையைவிட, தங்கச்சியை நினைத்த கவலைதான் அதில் பெரிதாகத் தெரிந்தது. பர்மனென்ட்டும் போய், பெண்ணும் போகும் நேரத்தில் என் நாக்கு விடுபட்டது.

"வலிப்பு இல்லபா! எல்லாம் ஒண்ணுதான் சார்! எல்லாமே ஜெர்க்குதான்!"

"அப்புறம் ஏன்டா ஆறு பேரு வச்சே?"

"ஒரே வார்த்தைய எழுதினா மட்டமா இருக்கும்னு, சார்."

இன்ஜினியர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாதா?"

"ரெண்டு வருசமா அந்த ஒட்டுதான் சார் துள்ளுது. ஜெர்க்குனு போட்டுக்கினுதான் இருந்தோம். இந்தப் பேமானி மாத்தி எழுதுவான்னு யாரு கண்டா?"

தலையில் மண்ணோடு நின்ற முப்பது பேரும் அப்போது என்னைக் கூப்பிட்ட பெயர்களுக்கு எந்த அகராதியிலும் இடம் கிடையாது. ஒரு பெயர்கூட இரண்டாம் முறை வரவில்லை. வாத்தியார் கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

பர்மனென்ட் கடிதம் மூன்று மாதம் தள்ளி வந்தது. கூடவே மேஸ்திரியின் உத்தரவும் வந்தது: ஜெர்க் தவிர வேறு எதையாவது எழுதினால் கை இருக்காது. அந்த பெல்ட் இருந்தவரைக்கும் ஜெர்க் என்றே எழுதினேன்.

தாமோதரன் வீட்டில் போய், "மாப்பிள்ளைக்கு நோவு ஒண்ணும் இல்ல, இங்கிலீஷ்தான்" என்று சொல்லியிருக்கிறான். பெண் சிரித்தபடியே சம்மதித்தாளாம். சீர்வரிசைத் தட்டில் பழம், வெற்றிலையோடு அந்த ஸ்பானரையும் வைத்திருந்தான் படுபாவி. (கம்பெனி ஸ்பானர். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.)

இன்றும் அது எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிறது. வீட்டில் நான் வாய் தவறி ஓர் இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னால் போதும், என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே மகனைக் கூப்பிடுவாள்:

"டேய், உங்கப்பாவுக்கு வந்துடிச்சு. அந்த இரும்ப எட்தாந்து கைல குடு!"