கண்டலக்காவின் கறுத்த கண்

மொன்றியலில் இருக்கிற தமிழ்ச் சனம் எல்லாரும் சேர்ந்து எனக்குத் தந்த வெட்கத்தைவிடக் கண்டலக்கா தனியாளாகத் தந்தது அதிகம். மனிசி என்னைப்போல மட்டக்களப்பு. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். புவாண்ட்-கிளேரில் ஒரே களஞ்சியத்தில் இரண்டு பேரும் பெட்டி அடுக்குகிறோம். அவருக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது, யாரும் பாவிப்பதில்லை. அடிபட்ட இடம் நீலமாகக் கண்டிப்போகுமே, அந்தக் கண்டல் ஒன்று உடம்பில் இல்லாமல் அவரைக் கண்டவர் கிடையாது.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்தது. களஞ்சியத்தின் மேல்தட்டிலிருந்து அது சரிந்தபோது நாங்கள் ஒதுங்கி ஓடினோம். அக்கா எகிறி அந்தரத்தில் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடிய கை. எங்கள் சூப்பர்வைசர் ஓர் ஐரிஷ்காரி. பெட்டிக்குள் என்ன உடைந்தது என்று அவள் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சும்மாவா இருக்கிறாய் என்று அக்காவைக் கேட்டாள். அப்போது அக்காவுக்கு வயது முப்பத்தைந்து, இரண்டு பிள்ளை.

அந்த ஞாயிறு பிடித்த பைத்தியம்தான் கேலிக் புட்போல். அயர்லாந்துக்காரரின் ஆட்டம். பந்தைக் கையால் பிடிக்கலாம், கைமுட்டியால் குத்தி அனுப்பலாம், காலால் உதைக்கலாம். பெண்கள் ஆட்டத்தில் ஆளை ஆள் இடிக்கக்கூடாது என்று விதி. முழங்கைகள் அந்த விதியை வாசிக்கவில்லை. கொஞ்ச வருடத்தில் அக்கா பெயர்பெற்ற ஆட்டக்காரி ஆகிவிட்டார். நகரத்து மதுக்கடை ஒன்றில் அவருடைய படம் சுவரை அடைத்துத் தொங்குகிறது. ஐரிஷ் கிழவர்கள் அவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார்கள். எங்கள் சனத்துக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்தது கண்டல் மட்டும்.

அவரோடு கடைக்குப் போவது தண்டனை. பூசணிக்காயை மேலே எறிந்து பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். ஒருநாள் மெட்ரோ ரயிலுக்குள் ஒரு முழு முட்டைக்கோசை, எங்கள் பேச்சில் கோவாவை, முட்டியால் குத்தி எனக்கு அனுப்பினார். நான் விட்டுவிட்டேன். அது உருண்டுபோய் ஒரு பிரெஞ்சுக்காரரின் சப்பாத்தில் நின்றது.

"என்னகா, கையை விரிச்சு வெச்சாத்தானே பிடிக்கலாம்," என்றார், பெண்ணைக் கூப்பிடுகிற எங்கள் ஊர்க் 'கா'வோடு, ரயில்பெட்டி முழுக்கக் கேட்க.

பர்தோன், பர்தோன் என்று சொல்லிக் கோவாவைத் தூக்கி வந்தவள் நான்.

பிறகு லொங்குய்ய் மண்டபத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானதுக்குச் சாமத்தியச் சடங்கு. பலூன் ஒன்று முகட்டுக்குப் போக, குழந்தை அழுதது. அக்கா பட்டுச்சேலையோடு எகிறிப் பிடித்தார். இறங்கிய இடத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் நின்றார். தலைவர் பலகார மேசையிலிருந்த வட்டிலப்பத்துக்குள் போனார். சேலைக்குக் கீழே விளையாட்டுக் காற்சட்டை எல்லாருக்கும் தெரிந்தது. நான் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

அடுத்ததாகக் கோயிலுக்கு ஒரு கண் கறுத்து வீங்க வந்தார். என்ன நடந்தது என்று பெண்கள் கேட்டார்கள்.

"பந்து பட்டுட்டுகா."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குளியலறையில் வழுக்கியவள், கதவில் முட்டியவள் என்று எத்தனை கதை கேட்டவர்கள். இப்போது பந்தாம்.

பழி அக்காவின் புருசனில் விழுந்தது. நான் அத்தான் என்று கூப்பிடுவேன். சத்தமாகத் தும்மவே கூச்சப்படுகிற மனிதர். அக்காவின் சேற்று உடுப்பைத் துவைப்பதும் முழங்காலுக்கு ஐஸ் வைப்பதும் அவர்தான். சனிக்கிழமைகளில் சங்க மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பார். அதுதான் அவருக்கு உயிர். பெண்சாதிக்கு அடிக்கிறவனிடம் பிள்ளையை விடலாமா என்று ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் வெறும் கதிரைகளுக்கு முன்னால் சோக்கட்டியோடு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அதுவும் போதாமல் புத்தி சொல்லப் போனோம். தலைவர், இன்னும் இரண்டு ஆண்கள், பொம்பிளைத் துணைக்கு நான். உண்மை தெரிந்தும் அந்த ஆட்டத்தைச் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு போனேன். அக்கா பயிற்சிக்குப் போயிருந்தார். அத்தான் தேத்தண்ணி தந்தார்.

"தம்பி, கோவம் எல்லாருக்கும் வரும்," என்றார் தலைவர். "அதுக்காகக் கை நீட்டக்கூடாது."

"நான் நீட்டினா அவ பிடிச்சிருவா, அண்ணன்."

"அப்ப நீட்டியிரிக்கிறீர்."

அந்த நேரம் அக்கா உள்ளே வந்தார். தலையிலும் சேறு, உதடு வெடித்திருந்தது. "நான் உனக்கு அடிக்கிறனாம்," என்றார் அத்தான். அக்கா சிரித்த சிரிப்பில் உதட்டில் இரத்தம் வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"ஞாயிறு இறுதி ஆட்டம். நான் போகல்ல. இண்டையோட விட்டுட்டன். உங்கட வகுப்புதான் பெரிசு."

"விடாத," என்றார் அத்தான். அவர் குரல் எழும்பி அன்றுதான் கேட்டேன். "நீ விட்டா கண்டல் நிண்டிரும். கண்டல் நிண்டா, இவங்க வந்து சொல்லித்தான் நான் திருந்தினன் எண்டு ஆகிரும்."

 அக்கா தலைவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணன், ஒண்டு கேக்கன். அந்தக் கீழ்மாடி வீட்டுப் பிள்ளை புருசன்ட அடியில கை முறிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனாளே. அவள்ட வீட்டயும் போய் இப்பிடித் தேத்தண்ணி குடிச்சீங்களா?"

குடிக்கவில்லை. அவளுடைய புருசன் உரத்த ஆள். சங்கத்தில் அவன் சொல்தான் எடுபடும். அவனுக்கு முன்னால் எங்கள் வாய் ஒட்டிக்கொண்டது. மெல்லிய ஆள் ஒன்று கிடைத்ததும் கூட்டமாக வந்து கதிரையில் இருந்துவிட்டோம். எல்லாரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கோவாவுக்கும் வட்டிலப்பத்துக்கும் பட்டதெல்லாம் ஒரு வெட்கமா?

"ஞாயிறு ஆட்டத்த வந்து பாருங்க," என்றார் அக்கா. போனோம். மழை. அக்கா உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலால் பறந்தது. "சே, வெளியில போயிற்று," என்று தலைவர் நெற்றியில் கை வைத்தார். சுற்றி நின்ற ஐரிஷ்காரர்கள் துள்ளினார்கள். மேலால் போனாலும் புள்ளிதான் என்று அத்தான் படிப்பிக்கிற குரலில் விளக்கினார். பிறகு அக்கா உயர எகிறிப் பந்தைப் பிடிக்க, எதிரணிக்காரி ஒருத்தியின் முழங்கை அவருடைய கண்ணில் இறங்கியது. அக்கா விழுந்தார். தலைவர் குடையை ஓங்கிக்கொண்டு மைதானத்துக்குள் பாய்ந்தார். அத்தான் அவருடைய கையைப் பிடித்தார்.

"இரிங்க, அண்ணன். கோவம் எல்லாருக்கும் வரும். கை நீட்டக்கூடாது."

அக்கா எழும்பினார். பந்து கையில்தான் இருந்தது. ஆட்டத்தில் தோற்றுப்போனார்கள். அடுத்த சனிக்கிழமை அத்தானின் வகுப்பில் கதிரை போதவில்லை.

இப்போதும் அக்கா ஆடுகிறார். எங்கள் பெண் யாராவது கண்டலோடு வந்தால் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எந்த மைதானம், மனே?" மைதானத்தின் பெயர் வராவிட்டால் அவள் வீட்டுக்கே போய்விடுவார். முதல் போனது அந்தக் கீழ்மாடி வீட்டுக்கு. பயிற்சி முடிந்த கையோடு, ஆணிச் சப்பாத்தோடு போனார். நானும் கூடப் போனேன். படி முழுக்கச் சேறு. எனக்கு வழக்கம்போல வெட்கம். உள்ளே அந்த ஆள் கத்துவது கேட்டது. அக்கா கதவைத் தட்டினார்.

"கதவு திறந்தா அவள் வருவாள். கையை விரிச்சு வைகா."

விரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன்.