பிரிச்சுவை சாரும் மூன்று பஸ்களும்

நிம்மதியாக இருக்க எல்லா வசதியும் இருந்தும் ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்காதவர்களுக்கு உலகப் போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் பிரிச்சுவை சாருக்குத்தான். ஆனால் அந்தக் கோப்பையை அவர் மேடையில் அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார். கோப்பையை ஒரு வண்டியிலும் அதன் மூடியை இன்னொரு வண்டியிலும் அனுப்பச் சொல்வார்.

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி ஆபீஸில் அவர் சூப்பிரண்டு. நான் அங்கே கணக்குப் பிரிவில் இருந்தேன். அவர் கையில் எதைக் கொடுத்தாலும், "பிரிச்சு வைம்மா, பிரிச்சு வை. ஒரே எடத்துல வெச்சா, போனா மொத்தமா போயிடும்" என்பார். பிரின்சிபாலிலிருந்து வாட்ச்மேன் வரை அவருக்குப் பிரிச்சுவை சார் என்று பெயர் வைத்துவிட்டோம். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள ஒரு இடத்தில் நின்றால்தானே? நாற்காலியில் அவர் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓரத்தில் தொற்றிக்கொண்டிருப்பார். பேசும்போதே சட்டைப் பையைத் தட்டுவார், பேண்ட் பையைத் தட்டுவார், மறுபடி சட்டைப் பைக்கு வருவார்.

அவருடைய மதியச் சாப்பாட்டில் பாதி தினமும் என் ஸ்கூட்டியில்தான் பயணம் செய்தது. நாங்கள் ஒரே தெரு. காலையில் வாசலில் நின்று இட்லி டப்பாவை என்னிடம் கொடுப்பார். சட்னியை அவர் டவுன் பஸ்ஸில் எடுத்து வருவார்.

"ஏன் சார், ரெண்டையும் நீங்களே எடுத்துட்டு வரலாமே?"

"வழியில பை தொலைஞ்சு போச்சுன்னா?"

"இட்லி மட்டும் தப்பிச்சு என்ன சார் பண்ணும்?"

"தப்பிச்சுதா இல்லையா, அதைப் பாரும்மா."

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். சொல்லாமல் லீவு போட்டுவிட்டேன். அன்று மதியம் சார் தேங்காய்ச் சட்னியை மட்டும் ஸ்பூனால் சாப்பிட்டாராம். மறுநாள் நான் மன்னிப்புக் கேட்கப் போனால், அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, பாதியாவது வந்து சேந்துச்சுல்ல!" என்றார். இவரை என்ன செய்வது?

வீட்டுச் சாவிக்கு நான்கு நகல் எடுத்து, தெருவில் நான்கு வீடுகளில் கொடுத்து வைத்திருந்தார். அவர் மனைவி சரோஜா அக்கா ஒரு நாள் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். நான்கு வீட்டுக்கும் ஓடினார். நான்கும் பூட்டிக் கிடந்தன. அந்த நான்கு வீட்டுக்காரர்களும் பங்காளிகள். ரஞ்சன்குடியில் அவர்கள் குடும்பத்தில் ஒரு காதுகுத்து. அத்தனை பேரும் ஒரே வேனில் போயிருந்தார்கள். இருட்டும்வரை அக்கா எங்கள் வீட்டில் டிவி பார்த்தார்.

இதையெல்லாம்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். பஸ் விஷயம்தான் அவருக்கு ஆறவில்லை. வெளியூர் போனால் புருஷனும் பெண்டாட்டியும் வேறு வேறு பஸ்ஸில்தான் போக வேண்டும் என்பது சார் போட்ட சட்டம். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒருத்தராவது மிஞ்சணும்" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்ந்து உட்கார்ந்து ஒரு பயணம் போனதில்லை என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தனியார் கல்லூரியில் பென்ஷன் ஏது? ரிட்டயர்மெண்ட் நெருங்க நெருங்க சாரின் நடை கூடிக்கொண்டே போனது. பிள்ளைகள் இல்லை. தனக்குப் பிறகு அக்கா யார் கையையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அதற்காக ஓய்வுக்காலக் கணக்கு என்று தனியாக ஒன்று வைத்து, மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு வந்தார். பங்குச் சந்தையின் பெரிய கம்பெனிகளை எல்லாம் மொத்தமாக வாங்கி வைக்கும் ஃபண்டு அது. ஒன்றில் போட்டால் அவர் பிரிச்சுவை சார் ஆவாரா? நான்கில் போட்டார்.

"நாலு கம்பெனி, நாலு பேரு, நாலு ஆபீஸு. ஒண்ணு படுத்தா மூணு நிக்கும்மா. எல்லாம் பிரிச்சு வெச்சாச்சு" என்று என் மேஜை மேல் தட்டினார்.

பிறகு சந்தை சரியத் தொடங்கியது. சாரின் நான்கு ஃபண்டுகளும் ஒரே நாளில் இறங்கின. மறுநாளும் சேர்ந்தே இறங்கின. சார் வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சான்றிதழ் கேட்டு வந்த மாணவர்கள் அவர் பின்னாலேயே நடந்து கையெழுத்து வாங்கினார்கள்.

"ஏம்மா, நாலுல ஒண்ணாச்சும் ஏற வேணாமா? சொல்லி வெச்ச மாதிரி விழுதே!"

அந்தச் சமயத்தில்தான் உடையார்பாளையத்தில் அவருடைய தங்கை மகள் கல்யாணம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். சீரையும் பிரித்துவிட்டார். பட்டுப்புடவையோடு அக்கா முதல் பஸ்ஸில். மோதிரத்தோடு அவர் அடுத்த பஸ்ஸில். மாலைக் கூடையோடு நான் அதற்கும் அடுத்த பஸ்ஸில். கூடையிலிருந்து சொட்டிய தண்ணீரில் என் புடவை பாதி நனைந்தது. வேண்டும் எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அரியலூருக்குக் கொஞ்சம் முன்னால் என் பஸ் நின்றது. சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டுக்குக் குறுக்கே படுத்துவிட்டதாம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் சாரின் பஸ். அதற்கு முன்னால் அக்காவின் பஸ். சார் இறங்கி வெயிலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஏம்மா, நீயும் இங்கதான் நிக்கிறியா?"

"வேற எங்க சார் போறது? பஸ்தான் வேற. ரோடு ஒண்ணுதானே?"

சார் அப்படியே நின்றுவிட்டார். மூன்று பஸ்களையும் ஒரு தடவை பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் நான்கு ஃபண்டும் சிவப்பாக இருந்தன.

"எறங்கி வாம்மா. இதுக்குள்ள எந்தெந்தக் கம்பெனி இருக்குன்னு எப்படிப் பாக்கறது?"

இத்தனை வருஷத்தில் மனிதர் ஃபண்டின் பெயரை மட்டும்தான் பார்த்திருக்கிறார். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். முதல் ஃபண்டில் நாட்டின் பெரிய ஐம்பது கம்பெனிகள். இரண்டாவதிலும் அதே ஐம்பது. மூன்றாவதில் நூறு, ஆனால் அதில் முதல் ஐம்பது இதே ஐம்பதுதான், பணத்தில் பெரும்பங்கும் அவற்றில்தான். நான்காவதில் ஐந்நூறு இருந்தன. தலைமாட்டில் மறுபடியும் அதே ஆட்கள்.

சார் ரோட்டோரத்துச் சின்னப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தார். முழுசாக உட்கார்ந்தார்.

"நாலு வூட்டுச் சாவிம்மா இது" என்றார். "எல்லாம் பங்காளிங்க."

அக்கா பஸ் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். "ஏங்க, ஏன் மொகம் இப்படி இருக்கு?"

சார் எழுந்து போய் ஜன்னலுக்குக் கீழே நின்றார். "சரோஜா, உனக்குன்னு பிரிச்சுப் பிரிச்சு வெச்சேன். பிரியவே இல்ல. எல்லாம் ஒண்ணாத்தான் இருந்திருக்கு."

"பணம் போயிடுச்சா?"

"போகல. ஆனா போனா மொத்தமா போகும்."

"போகலல்ல? அப்ப ஊருக்குப் போயி மாத்திக்கலாம். பஸ்ஸும் ஒரே ரோட்டுலதான் போவுதுன்னு தெரிஞ்சு போச்சுல்ல? ஏறி வாங்க. பக்கத்துல எடம் இருக்கு."

"இல்ல சரோஜா, ஒருத்தராவது மிஞ்..."

"நான் மட்டும் மிஞ்சி என்ன பண்ணப் போறேன்?"

எனக்கு இட்லி ஞாபகம் வந்தது. சாருக்கும் வந்திருக்கும். சட்டைப் பையைத் தட்டினார், பேண்ட் பையைத் தட்டினார், பிறகு ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷத்தில் பதறிக்கொண்டு இறங்கி ஓடினார். மோதிரப் பை அவருடைய பஸ்ஸிலேயே இருந்தது. திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, "நீ மட்டும் அந்த பஸ்லயே வாம்மா, மாலையாவது தனியா இருக்கட்டும்" என்றார். பழகின புத்தி ஒரேயடியாகப் போய்விடுமா?

லாரியை நகர்த்திய பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தங்கையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு சீர் வைத்தார். பந்தியில் உட்கார்ந்ததும் இலையை உற்றுப் பார்த்தார். சாம்பாரில் கத்தரிக்காய். கூட்டில் கத்தரிக்காய். காரக்குழம்பிலும் கத்தரிக்காய்.

"ஏம்ப்பா, பேரு மூணு வெச்சிருக்கீங்க, காய் ஒண்ணுதானே?" என்று பரிமாறியவரை மடக்கினார். அக்கா அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தார். ஐம்பது கம்பெனி ஃபண்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த ஐம்பது கம்பெனிகளை மட்டும் வைத்திருக்கும் ஃபண்டு ஒன்றில் புதிதாகச் சேர்ந்தார். மற்ற மூன்றுக்கும் மாதப் பணத்தை நிறுத்தி, வரியைப் பார்த்துப் பார்த்து மெதுவாக வெளியே வந்தார். கொஞ்சத்தைச் சந்தைப் பக்கமே போகாத வங்கி வைப்புநிதியில் போட்டார். சந்தை விழுந்தால் இப்போதும் இரண்டும் சேர்ந்து இறங்கத்தான் செய்கின்றன. ஆனால் எது எதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நடை பாதியாகக் குறைந்தது.

பிரிவுபசார விழாவில் நிர்வாகம் ஒரு பொன்னாடை போர்த்தியது, ஊழியர்கள் நாங்களும் ஒரு பொன்னாடை போர்த்தினோம். "ரெண்டும் ஒரே கலரா?" என்று மைக்கிலேயே கேட்டார். சாயங்காலம் அக்காவும் அவரும் டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். அவர் பையை அக்கா வைத்திருந்தார்.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் அவர் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டேன். சார் வெளியே வந்து பார்த்துச் சிரித்தார்.

"இனிமே எதுக்கும்மா? இட்லி, சட்னி, நாங்க எல்லாம் ஒரே எடத்துலதான்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் பையில் அந்த டப்பா அளவுக்கு ஒரு இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. அதில் வேறு எதையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை.