லைலாக் செடியும் உங்கள் தங்கையும்

மரியாதைக்குரிய மச்சான் சந்திரமோகன் அவர்களுக்கு,

புதுவாயலிலிருந்து உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பரசுராமன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் பயிர்பச்சையும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் தங்கை செல்விக்கு இப்போது தூரத்தில் பேசுவதும் கேட்கிறது மச்சான். அதனால்தான் ஹைவே பேக்கரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொரோனா காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வாசனையே தெரியாமல் போனது உங்களுக்குத் தெரியும். ரசம் தீய்ந்தாலும் தெரியாது, தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று அடித்தாலும் தெரியாது, அந்த இரண்டாவதில் எனக்குப் பொறாமை கூட உண்டு. அப்படிப்பட்டவள் போனில் ஏதோ வீடியோ பார்த்து, லைலாக் என்று ஒரு குளிர்தேசத்துச் செடியை ஆன்லைனில் வரவழைத்தாள். ஊதாப் பூ கொத்துக்கொத்தாகப் பூக்குமாம், தெருவே மணக்குமாம். "மூக்கு செத்தவளுக்கு வாசனைப் பூ எதுக்குடி?" என்று நான் கேட்டது தப்புதான், அன்று காலை எனக்கு நாஷ்டா கிடைக்கவில்லை. குளிர் பட்டால்தான் பூக்கும் என்று யாரோ சொல்ல, மீன் வண்டிக்காரனிடம் ஐஸ் வாங்கி வாங்கி வேரில் கொட்டினாள். செடியைச் சுற்றி வஞ்சிரம் நாறியதே தவிர, ஒரு மொட்டு வரவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் மத்தியானம் செல்வி தோட்டத்திலிருந்து ஓடிவந்தாள். "இன்னாங்க, வாசன வருதுங்க! எனக்கு வாசன தெரியுதுங்க!" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் போய்ப் பார்த்தால் செடியில் பூவே இல்லை. இலைக்குள் மூக்கை விட்டு இழுத்தேன், கட்டெறும்பு கடித்ததுதான் மிச்சம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பென்னி மதில்மேல் எட்டிப் பார்த்து, "அண்ணே, உங்க லைலா பூத்துக்கிச்சா? எங்க ஊட்டு வரைக்கும் கமகமன்னு வருதே!" என்கிறான். எனக்கு ஒன்றும் வரவில்லை என்றேன். "மூக்க ரோலிங் மில்லுலயே வுட்டுட்டு ரிட்டையர் ஆயிட்டீங்களா?" என்று சிரித்தான். மறுநாள் அவன் சிரிக்கவில்லை. நாற்காலி எடுத்துவந்து செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான், ஷிஃப்டுக்குப் போகவில்லை. அவன் மனைவி மெர்சி திட்டிக்கொண்டே கூப்பிட வந்தாள், அவளும் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தெருவில் பாதி வந்தது. வருகிறவர்கள் பேசுவதில்லை, டீ கேட்பதில்லை. எந்தப் பக்கம் நாற்காலி போட்டாலும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வடக்கே திரும்பிவிடுகிறார்கள். எங்கள் வீட்டு ஆடும் வடக்கேதான் பார்க்கிறது மச்சான், ஆட்டுக்கு என்ன தெரியும்?

நேற்று உச்சிவெயிலில் செல்வி, "கதவ சாத்துங்க, பனி கொட்டுது" என்றாள். அவள் வாயிலிருந்து புகை வந்தது. தலைமுடியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. எங்கள் பக்கத்தில் வெள்ளையாக விழுவது தொழிற்பேட்டைச் சாம்பல்தானே என்று தட்டிவிடப் போனேன். விரலில் ஒட்டிக்கொண்டு உருகிவிட்டது. சாம்பல் உருகாது. பயந்துபோய், "உள்ள வா செல்வி, சோறு ஆறிப்போவுது" என்று கையைப் பிடித்தேன். ஐஸ் பெட்டியில் கிடந்த கை போல இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு ஊட்டுக்காரரு?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். முப்பது வருஷமாக என்னிடம் அவள் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். அவளைச் சில நாள் திருவள்ளூரில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கூப்பிட்டால் வருவாள், உங்கள் சொல்லை அவள் தட்டியதில்லை. அவள் கிளம்பியதும் அந்தச் செடியை நான் கடப்பாரையால் தோண்டி எரித்துவிடுகிறேன். மூக்கு போனாலும் போகட்டும், எனக்கு அவள் வேண்டும். பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
பரசுராமன்

பின்குறிப்பு: கவர் எடுக்க வீட்டுக்கு வந்தேன் மச்சான். கேட்டைத் திறந்ததும் எனக்கும் அந்த வாசனை வந்துவிட்டது. அடடா, என்ன சொல்வேன்! நீங்கள் வர வேண்டாம், கேட்டைப் பூட்டிவிட்டோம். கடப்பாரையைக் கிணற்றில் போட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு அம்மாள் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தாள், நல்ல மாதிரி, யார் வீட்டுப் பெண்ணோ தெரியவில்லை. அக்காவுக்கு ஒரு கன்று எடுத்து வைத்திருக்கிறோம், பென்னி பைக்கில் கொண்டுவருவான். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வாசலில் வைத்தால் போதும்.