நிரம்பி வழிந்த காலி வண்டி

"காலியா ஓடுற வண்டிக்கு அரசாங்கம் எதுக்குப்பா பணம் ஒதுக்கணும்?" என்று எம்.பி. கேட்டபோது, சலூன்காரரின் கத்தி அவருடைய தொண்டைக்குழியில் இருந்தது. கத்தி நின்றது. தாம் எந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறோம் என்பது எம்.பி.க்கு அப்போதுதான் உறைத்தது.

தலைநகருக்குப் போகும் இரவு ரயிலை நிறுத்தப் போகிறார்களாம். ஊரில் மற்றவர்களுக்கு அது வாய்க்கு அவல். சலூன்காரருக்கு வயிற்றில் நெருப்பு. வாராவாரம் மனைவியைத் தலைநகரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஊசி போடக் கூட்டிப்போகிறவர் அவர். ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வர அந்த அம்மாவின் உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது? ரயிலென்றால் கீழ்ப் படுக்கை. வண்டியில் வரும் டிக்கெட் பரிசோதகர் இந்த ஊரில் பெண் எடுத்தவர். "வாங்க மாமா, அத்தையைப் படுக்க வைங்க" என்று இடம் ஒழித்துத் தருவார். பதிலுக்கு அவருக்கு முடிவெட்டு, சவரம், தலைமசாஜ் எல்லாம் சும்மா. சலூன்காரருக்கு மட்டுமா, ஊருக்கே அவர் மாப்பிள்ளைதான்.

"காலியாவா? நின்னு போகக்கூட இடமில்லைங்க. ஒரு நாள் வந்து பாருங்க," என்றார் சலூன்காரர், கத்தியை எடுக்காமலே.

எம்.பி. நாடாளுமன்றத்தில் முழங்கினார், என் தொகுதி மக்கள் தொங்கிக்கொண்டு போகிறார்கள் என்று. நிதி மந்திரி எழுந்து, அவ்வளவு கூட்டமென்றால் வசூல் எங்கே என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

எங்கே? ஊர் அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டது. ஸ்டேஷன் கவுண்டரில் இருக்கும் குமாஸ்தா முழுங்கிவிட்டார். வெளியூர்க்காரர், யாருக்கும் உறவில்லை. ரொம்ப வசதியாகப் போயிற்று. முதல் தண்டனையாகச் சலூன் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. தாடி வளர வளர ஆளுக்குக் குற்றவாளிக் களையும் வந்துவிட்டது.

விவகாரம் முற்றி, நேரில் பார்க்க ஓர் ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு வண்டி ஏறுகிற தலைக்கெல்லாம் முடிவெட்டு இலவசம் என்று சலூன்காரர் அறிவித்தார். ஊரே ஏறியது. வழுக்கைத்தலைக்காரர்கூட, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறினார். வழக்கமான கீழ்ப் படுக்கையில் சலூன்காரரின் சொந்த மச்சானே குடும்பத்தோடு அப்பிக்கொள்ள, நோயாளி கக்கூஸ் ஓரமாகப் பையின் மேல் சுருண்டாள்.

"என்னங்க, மூச்சு முட்டுது."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ. உனக்காகத்தான் இவ்வளவும்."

ஆபீசர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். "எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவுமே சார். வேணும்னா எல்லாரையும் கேட்டுப் பாருங்க."

கேட்டார். எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். சலூன்காரர் பூரித்துப்போனார். மாப்பிள்ளைதான் பாவம், அன்றைக்கு என்ன வேலையோ, அந்தப் பெட்டிப் பக்கமே தலைகாட்டவில்லை.

அடுத்த மாதமே வண்டியை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையையும் எங்கோ கண்காணாத இடத்துக்குத் தூக்கியடித்தார்கள்.

சலூன்காரர் மனைவியைப் பேருந்தில் ஏற்றிப் பார்த்தார். பாதி வழியில் இறக்கித் திரும்பக் கூட்டிவர வேண்டியதாயிற்று. "இனிமே வேணாங்க," என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் நேராக ஸ்டேஷனுக்குப் போனார். குமாஸ்தா மேஜையைப் பூட்டிவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஊரு கொடுத்த காசையெல்லாம் முழுங்கினே. இப்ப என் பொண்டாட்டி உயிரையும் சேர்த்து முழுங்கிட்டியேடா," என்று அவர் சட்டையைப் பிடித்தார் சலூன்காரர்.

குமாஸ்தா பிடியை விலக்கவில்லை. தாடியை மெல்லச் சொறிந்துகொண்டார்.

"அண்ணே, இந்த ஊருக்கு வந்ததிலேருந்து நான் வித்தது ஒரே ஒரு டிக்கெட். அதையும் வாங்கினது அந்த ஆபீசர்தான்."