கறுப்புக் கார், வெள்ளிப் புள்ளி

பானெட்டில் மட்டும் நூற்று நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். எண்ணினால் புள்ளி குறையவா போகிறது?

"எப்படிப்பா இது?"

"காத்தும்மா," என்றார் பெயிண்டரான அப்பா, ஸ்ப்ரே கன்னைத் துடைத்துக்கொண்டே. "சட்டுனு திரும்பிடுச்சு."

மொட்டை மாடிக் கொடியில் துணிகள் ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஒப்புக்கொள்ள வெட்கம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இருபத்தஞ்சு வருஷத்துல தரையில ஒரு சொட்டு விட்டதில்ல நீ. கண்ணாடிய மாத்து, மாத்துன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"மாத்திடலாம் பாப்பா."

சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். வந்த இடத்தில் இப்படி. புள்ளி விழுந்திருந்தது சாதாரணக் கார் மேல் அல்ல. குடியிருப்போர் சங்கத் தலைவரின் கார். இருபத்திரண்டு வயது, கறுப்பு நிறம். வெயில் பட்டால் வாடிவிடும் என்று அதை வீட்டில் விட்டுவிட்டு, மனைவியோடு வாடகைக் காரில் வெளியே போகிற மனிதர் அவர். இன்றும் அப்படித்தான் போயிருந்தார். நாலரைக்கு வந்து, அப்பா சாம்பிளுக்கு வெள்ளி நிறம் அடித்த கேட்டைப் பார்ப்பார். பிடித்துவிட்டால் நாலு பிளாக்கின் கேட்டும், பால்கனிக் கம்பியும், படிக்கட்டுக் கைப்பிடியும் அப்பாவுக்கு. ஒரு வருஷத்துக்கு வேலை தேடி அலைய வேண்டாம். தலைவர் கையெழுத்துப் போடுவார். எங்கே போடுவது என்று அவர் வீட்டம்மா விரல் வைத்துக் காட்டுவார்.

"தின்னர் போட்டுத் துடைச்சா போயிடும்ல பிஎஸ்சி?" என்றார் வாட்ச்மேன், நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு.

"புள்ளி போகும். கூடவே காரோட பெயிண்டும் போகும். தலைவருக்கு நீங்க பதில் சொல்றீங்களா?"

வாட்ச்மேன் வாயை மூடிக்கொண்டார். காதை மூடவில்லை. அந்தக் காதில் விழுந்தது அரை மணி நேரத்தில் நாலு பிளாக்குக்கும் போய்ச் சேரும்.

பிஎஸ்சி என்பது அவள் பெயரல்ல. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் முதல் பட்டம் அது, வேதியியல். அதனால் வீட்டில் பாத்ரூம் அடைப்பிலிருந்து பல்வலி வரைக்கும் கடைசித் தீர்ப்பு அவளுடையது. இதற்கும் அவளிடம் தீர்ப்பு இருந்தது: க்ளே. பிசைந்த மாவு மாதிரி ஒரு கட்டி. கார் மேல் தேய்த்தால், பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற பிசிறையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கார் சாமான் கடைக்காரர் அவளுக்குப் பின்னால் ஆம்பளை யாராவது நிற்கிறானா என்று எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா தேய்க்கப் போறது?"

"நான்தான்."

"அண்ணன் தம்பி இல்லையா?"

"தம்பி இருக்கான். சொந்தச் சட்டைக்கு இஸ்திரி போடத் தெரியாது. க்ளேயக் குடுங்க."

க்ளேயோடு ஒரு நீல பாட்டிலையும் எடுத்து வைத்தார். "இது லூப்ரிகண்ட். இதத் தெளிச்சு, வழுக்க விட்டுத்தான் தேய்க்கணும்."

அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "சோப்புத் தண்ணியில சென்ட்டு. மூணு வருஷம் இதத்தான் சார் படிச்சேன். எங்கிட்டயேவா?"

க்ளேயை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். கட்டியை மூன்றாகக் கிள்ளினாள். படித்தவள் எல்லாவற்றையும் ஒரே பரிசோதனையில் கொட்ட மாட்டாள்.

"வழுக்குறதுக்கு என்னப்பா போடலாம்?"

"பச்சத் தண்ணியே போதும் பாப்பா," என்றார் அப்பா.

போதவில்லை. க்ளே கீச்சென்று கத்திக்கொண்டு காரைப் பிடித்துக்கொண்டது. இழுத்த இடமெல்லாம் பழுப்பாக ஈஷிக்கொண்டு நின்றது. புள்ளிகள் அப்படியே இருந்தன.

"அப்ப எண்ணெய் போடு," என்றார் அப்பா, கொஞ்சம் உற்சாகமாகவே.

எண்ணெய் வழுக்கியது. வழுக்கிய வழுக்கலில் க்ளே ஒரு புள்ளியையும் தொடாமல் மேலாகவே ஓடியது. கொஞ்ச நேரத்தில் எண்ணெயைக் குடித்துக் குழைந்து, விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. முதல் துண்டு குப்பைக்குப் போனது. எண்ணெயை எடுக்கப் பாத்திரம் கழுவுகிற திரவத்தைப் போட்டாள். அது எண்ணெயை எடுத்தது, ஈஷலை எடுத்தது, தலைவர் ஞாயிறு தவறாமல் தேய்த்து ஏற்றிய வாக்ஸையும் வழித்து எடுத்துவிட்டது. பானெட் நடுவில் தட்டு அகலத்துக்கு வெளிறிப்போன ஒரு வட்டம்.

"தலைவர் தலை மாதிரியே ஆயிடுச்சே பிஎஸ்சி," என்றார் வாட்ச்மேன். "நடுவுல மட்டும் வழுக்கை."

"விட்டுடு பாப்பா," என்றார் அப்பா. "சார் வரட்டும். நான் பேசிக்கிறேன்."

"என்ன பேசுவ? காத்துன்னு சொல்லுவியா? தப்பு பண்ணா சரி பண்ணணும்ப்பா."

"கொஞ்சம் இப்படித் தள்ளி வாயேன். ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. யோசிக்க விடு."

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வழுக்கினால் மட்டும் போதாது. பிடுங்கின பிசிறு மிதந்து போக வேண்டும். க்ளே கரையக் கூடாது. வாக்ஸ் மேல் கை வைக்கக் கூடாது. இது மூன்றையும் செய்கிற சோப்பு எது?

"வாட்ச்மேன் அண்ணே, கார் கழுவுற ஷாம்பூ வெச்சிருக்கீங்களா?"

அரை பக்கெட் தண்ணீருக்கு ஒரே ஒரு மூடி ஊற்றினாள்.

"நான் நாலு மூடி ஊத்துவேன்," என்றார் வாட்ச்மேன்.

"அதான் கார் வெச்சிருக்கற அத்தனை பேரும் உங்களத் திட்டுறாங்க."

இரண்டாவது துண்டு ஸ்ஸ்ஸ் என்று போனது. போன வழியில் புள்ளி இல்லை. எல்லாம் க்ளேக்கு மாறியிருந்தது. மடித்து உள்பக்கத்தை வெளியே எடுத்து மறுபடி தேய்த்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தாள். தேய்க்காத இடம் உப்புத்தாள். தேய்த்த இடம் கண்ணாடி.

"பாத்தியாப்பா!"

"நல்லாருக்கு," என்றார் அப்பா. குரல் எழும்பவில்லை. "குடு, நானும் கொஞ்சம் தேய்க்கிறேன்."

வாங்கிய கையோடு அதைக் கீழே போட்டார். மண்ணில் விழுந்த க்ளேயை மறுபடி தேய்த்தால் மணல் காரைக் கீறிவிடும். அதுவும் குப்பைக்குத்தான்.

"கண்ணுதான் போச்சுன்னு பாத்தா, கையும் போச்சா? போய் உக்காருப்பா!"

மூன்றாவது துண்டில் பானெட் முடிந்தது. முடிந்ததும் அடுத்த வினை. பானெட் பளபளக்கவும், மற்ற இடமெல்லாம் சாம்பல் பூசினாற்போலத் தெரிந்தது. கதவைத் தேய்த்தாள், கூரை இளித்தது. கூரையைத் தேய்த்தாள்; டிக்கி இளித்தது. வேறு வழியில்லாமல் முழுக் காரையும் தேய்த்தாள். வாட்ச்மேன் அறையில் இருந்த வாக்ஸ் டப்பாவைச் சுரண்டி எடுத்து, அதையும் ஏற்றினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. நாலு இருபதுக்கு, காரின் கறுப்பில் எதிர் பிளாக்கின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன.

"இப்ப வரட்டும் உன் தலைவர்," என்றாள்.

அப்பா கடைசி பஸ்ஸை விட்டவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

வாடகைக் கார் வந்து நின்றது. தலைவர் இறங்கினார். கேட்டை அவர் பார்க்கவே இல்லை. காரை ஒருமுறை சுற்றினார். மறுபடி சுற்றினார். மூன்றாவது சுற்றில் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"யாரு பண்ணது?"

"நான்தான் சார்," என்றாள் அவள், ஒரு எட்டு முன்னால் வந்து. "அப்பா ஸ்ப்ரே அடிக்கும்போது புள்ளி விழுந்துடுச்சு. மறைக்கல. க்ளே போட்டு எடுத்துட்டேன். தடவிப் பாருங்க."

தலைவர் தடவினார். அவர் கண் கலங்கிவிட்டது.

"வாங்கின அன்னிக்குக்கூட இது இப்படி இருந்ததில்லம்மா. இந்த மாசம் வித்துடு, அடுத்த மாசம் வித்துடுன்னு வீட்டுல ஒரே தொல்லை. இனிமே யாரு சொன்னாலும் விக்க மாட்டேன். என் காலம் முடியறவரைக்கும் இதுதான்!"

சொல்லிவிட்டு நான்காவது சுற்றுக்குக் கிளம்பினார். அவள் அப்பாவைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினாள். வேலை நமக்குத்தான்.

வீட்டம்மா அதுவரை வாடகைக் காரின் பக்கத்திலேயே அசையாமல் நின்றிருந்தார். இப்போது மெல்ல நடந்து வந்து, கணவர் காரின் அந்தப் பக்கம் போகிறவரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இந்த ஓட்டை வண்டி மேல நாலு தெளிப்பு தெளிங்க, நாலு பிளாக்கும் உங்களுக்கேன்னு காலையில அவ்வளவு சொல்லிட்டுப் போனேனே பெயிண்டர், தெளிச்சதெல்லாம் சரி, யாரு உங்களத் துடைக்கச் சொன்னது?"