கடல் வரிசையும் கோயில் வரிசையும்

ஜெயசிங் முந்தின நாள் முறுக்கிக் கட்டிவிட்டுப் போன கம்பியை யாரோ அவிழ்த்து, பெட்டியை மறுபக்கம் திருப்பி, அவனைவிட அழகாகக் கட்டியிருந்தார்கள்.

ஏணி உச்சியில் நின்று அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! அந்த வாரம் முழுக்க இதே கம்பங்களில் ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் கழன்று போயிருந்தன.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் கடலை ஒட்டிய அந்தக் குறுகலான தெருவில், ஜெயசிங் வேலை பார்க்கும் கம்பெனி கம்பத்துக்குக் கம்பம் இன்டர்நெட் பெட்டி மாட்டியிருந்தது. மில்லிமீட்டர் அலை. வேகம் என்றால் அப்படியொரு வேகம். ஆனால் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளை மாதிரி. குறுக்கே சுவர் வந்தால் தாண்டாது, முருங்கை இலை ஆடினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் நெருக்கி நெருக்கி மாட்டினார்கள். நெருக்கி மாட்டியதால் கடல் பக்க வீடுகளுக்குப் போகும் அலைமேல் எதிரே மாதா கோயில் பக்க வீடுகளுக்குப் போகும் அலை போய் விழுந்தது. ஒரே காதில் இரண்டு பேர் பேசினால் என்ன விளங்கும்? ஒன்றும் விளங்காது. அந்தக் கதைதான். கம்பெனியில் இதற்கு இன்டர்ஃபெரன்ஸ் என்று பெயர்.

தெருக்காரர்கள் ஒருவரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. எந்த வீட்டில் வேகம் குறைந்தாலும் சென்னையில் இருக்கும் கம்ப்யூட்டர் தானாகவே புகார் எழுதி, அந்த நேரத்துக்கு டியூட்டியில் இருக்கும் யார் தலையிலாவது கட்டிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊர் நாசரேத்தில் ஜெயசிங்கின் மகள் ஜெஸ்மிக்குத் திடப்படுத்தல் ஆராதனை, சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் நாள். பேராயர் வருகிறார். லீவு கேட்டதற்கு, திருநெல்வேலி ஆபீசில் இருந்த மேனேஜர் சிவசுப்பிரமணியன், முதலில் அந்தத் தெரு ஒரு முழு நாள் புகார் இல்லாமல் இருந்து காட்டட்டும் என்று சொல்லிவிட்டார். அதை அப்படியே மனைவி தேவமணியிடம் சொன்னான். அவள் போனிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அவ பிறந்தப்பவும் நீங்க வரல. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினப்பவும் வரல. பேராயர் கேட்டா என்ன சொல்ல, தகப்பன் கம்பத்துல இருக்காருன்னா?"

 இந்தத் தடவை போயே தீருவது என்று ஜெயசிங் முடிவு செய்துகொண்டான்.

திங்கட்கிழமை காலை கடல் வரிசை வீடுகளில் நெட் படுத்துக் கிடந்தது. கோயில் வரிசைப் பெட்டிகளின் பவரைக் குறைத்தான். கடல் வரிசை எழுந்து உட்கார்ந்தது. நிம்மதியாகத் துறைமுகத்துக்குக் கிளம்பினான். மத்தியானத்துக்கு மேல் அங்கே கன்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. மறுநாள் காலை வந்து பார்த்தால் கோயில் வரிசை ஜொலிக்கிறது, கடல் வரிசை மறுபடி படுக்கை.

பவர் சரிப்படாது என்று கோயில் வரிசைப் பெட்டிகளைத் தரையைப் பார்க்கக் குனிய வைத்தான். மறுநாள் அவை நிமிர்ந்திருந்தன. கடல் வரிசைப் பெட்டிகள் குனிந்திருந்தன. அதற்குத்தான் கம்பி கட்டினான். கம்பிக்கும் இந்தக் கதி.

காற்று கம்பி முறுக்காது. தெருவில் யார் பெட்டியைத் தொட்டது என்று வீடு வீடாக ஏறி இறங்கினான். நாங்கள் யாரும் தொடவில்லை என்று அத்தனை பேரும் மாதாமேல் ஆணையிட்டார்கள். சந்தேகம் கடைசியில் கோயில் வரிசை எலக்ட்ரீஷியன் ஜாய்சன்மேல் விழுந்தது. அந்தத் தெருவில் உயரமான ஏணி அவனிடம் மட்டும்தான் இருந்தது. ஜெயசிங் ஏறி நின்றதும் அந்த ஏணிதான். திரும்ப ஏறி மேலே நின்றபடியே, உன் வேலைதானா இது என்று கீழே நின்ற ஜாய்சனிடம் கேட்டும் விட்டான்.

ஜாய்சனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஜெயசிங் மேலே இருக்கும்போதே ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

கம்பத்தைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி இறங்கியதில் கம்பெனிச் சட்டை கிழிந்தது. கடல் வரிசைக் கடைசி வீட்டு பிளாரன்ஸ் அக்கா ஊசிநூல் கொடுத்தார். அவர் புருஷன் பவுல் கப்பலில் இருந்தார். ஜெயசிங் வந்துபோன பிறகு காலையில்தான் அவரோடு வீடியோவில் பேசுவார். அந்த நன்றிக்குத் தன் வீட்டு ஏணியையும் கொடுத்தார். அது இரண்டு படி குட்டை. மிச்ச உயரத்துக்கு எக்கித்தான் வேலை பார்க்கவேண்டியிருந்தது.

அன்றைக்கு எக்கி எக்கிக் கோயில் வரிசைப் பெட்டிகளைக் குனிய வைத்துப் பூட்டுப் போட்டான். மறுநாள் அவன் பூட்டுகளைக் காணோம். கடல் வரிசைப் பெட்டிகள் குனிந்திருந்தன, ஒவ்வொன்றிலும் புதுப் பூட்டு. அவன் வாங்கியதைவிட நல்ல பூட்டு. கல்லால் அடித்து உடைத்ததில் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

சிவசுப்பிரமணியன் அன்று மத்தியானம் போன் செய்தார்.

"ஜெயசிங், நீங்க ஒரு புகாரை முடிச்சா இன்னொண்ணு வருது. இன்டர்ஃபெரன்ஸைச் சரி பண்றீங்களா, வளர்க்கிறீங்களா?"

 ஜெயசிங்குக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

சனிக்கிழமை காலை வழக்கம்போல் கடல் வரிசை படுத்துக் கிடந்தது. ஜெயசிங் ஏணியைக் கேட்கவில்லை, பையைத் திறக்கவில்லை. பிளாரன்ஸ் அக்கா வீட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இனி ஒரு கம்பம் ஏற உடம்பிலும் சத்தில்லை, மனசிலும் சத்தில்லை. மகள் வெள்ளை உடுப்பில் நிற்பதை இந்த ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

"அக்கா, நான் நாசரேத்துக்குப் போறேன். லீவு கிடைக்கல, சும்மாதான் போறேன். இன்னிக்குப் பெட்டியத் தொடமாட்டேன், நாளைக்கும் வரமாட்டேன். வேலை போனா போகட்டும்."

பிளாரன்ஸ் அக்கா டீ டம்ளரை அவன் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் பெரிதாக வருத்தம் எதுவும் தெரியவில்லை.

"தாராளமா போயிட்டு வாங்க தம்பி. கார்ப்பரேசன் தண்ணி மாதிரி முறை வச்சு, காலைல எங்க வரிசைக்கு நீங்க திறந்துவிடுதீய, சாயங்காலம் கோயில் வரிசைக்கு இதே கம்பெனிச் சட்டை போட்ட பிள்ள ஒண்ணு வந்து திறந்துவிடுது. ஒரு நாள் எங்க முறையையும் சேத்து அவளே பாத்துக்கிடட்டுமே."