பின்னறைப் பேயும் ஒரு பட விமர்சனமும்

அந்த வாரத்தின் மூன்றாவது பேய்ப் படத்தையும் பார்த்து முடித்த கையோடு, கண்ணாடிக்காரர் தம் வீட்டிலும் ஒரு பேயைக் குடிவைப்பது என்று தீர்மானித்தார்.

பேய்க்கு அறை தயாராக இருந்தது. வினையே அந்த அறையால்தான் வந்தது. பல காலம் பின்னறையில் வாடகைக்கு இருந்த டைப்பிஸ்ட் ஐயா போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் காலமானார். அதன் பிறகு அது காலியாகக் கிடந்தது. ஒரு ஜன்னல், கதவு போட்ட ஒரு சுவர் அலமாரி, அவர் விட்டுப்போன மர நாற்காலி, அவ்வளவுதான். மனிதருக்கு வலது காலைத் தரையில் ஊன்ற முடியாது. அக்குளில் ஊன்றுகட்டையைக் கொடுத்து, கட்டை ஒரு தரம், இடது கால் ஒரு தரம் என்று நடப்பார். போன பிறகும் அந்தக் கட்டைச் சத்தம் கொஞ்ச நாள் வீட்டில் இருப்பது போலத்தான் தோன்றியது.

கண்ணாடிக்காரருக்கு அந்த அறையைக் குட்டித் தியேட்டர் ஆக்கிவிட ஆசை. சுவருக்குக் கறுப்பு வண்ணம், ஜன்னலுக்குக் கனத்த திரை, நடுவில் சாய்ந்து உட்கார ஒரே ஒரு சோபா. ஒன்றுதான், இரண்டு இல்லை. மனைவிக்கோ அது தையல் அறை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடையில்தான் அவள் மெஷின் கிடந்தது. யார் குளித்துவிட்டு வந்தாலும் துணிமேல் சொட்டும். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை முழுவதும் அவள் கைக்கு வந்திருந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. துணிக்கட்டுகள் வந்து இறங்குவதற்குள் இடம் வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு கைக்குப் போய்விடும்.

கேட்டுப் பார்த்தாள். "யோசிக்கலாம்" என்றார். கணவன் யோசிக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். "சரிங்க" என்றாள். மனைவி சரிங்க என்றால் ஒரு கை பார்த்துவிடலாம் என்று அர்த்தம். இந்த இரண்டாவது அர்த்தம் மட்டும் அவருக்கு இத்தனை வருடத்தில் பிடிபடவே இல்லை.

சினிமா உலகில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. உலகம் என்றால் அவர் போனுக்குள் இருந்த திரை நண்பர்கள் குழு. பார்த்த படங்களைப் பற்றி வாராவாரம் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். அதற்கென்று ஒரு பாணி. முதலில் கொஞ்ச நேரம் மௌனம், பிறகு ஒரு செருமல், பிறகு பேச்சு. அனுப்பியதை ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. தன் பேச்சைத் தானே கேட்பது தன் முதுகில் தானே தட்டிக்கொள்வது மாதிரி என்பது அவர் கொள்கை.

அந்த வாரம் இப்படிப் பேசியிருந்தார்:

"ம்ஹும்... வணக்கம் நண்பர்களே. மூணு படம் பாத்தேன். மொதல் படத்துல பேயே கிடையாது. ஒரு நாற்காலி. ஆள் இல்லாதப்ப அது சுவரைப் பாத்துத் திரும்பிக்குது. நாற்காலி திரும்புது, அதுல உக்காந்திருந்தவன் மட்டும் திரும்பி வரல. அதுதான் நண்பர்களே, படத்தோட உயிர். ரெண்டாவதுல ஈரக் காலடி. ரூமுக்குள்ள போகுது, வெளிய வரல. கேமரா முழங்காலுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. ஹீரோ மூஞ்சியப் பாக்க இடைவேளை வரைக்கும் காத்திருக்கணும். கொஞ்சம் இழுவைதான். ஆனா தரையில மினுங்குற அந்த ஈரம் இருக்கே, அடடா! மூணாவது எனக்கு அவ்வளவா ஒட்டல. ஒரு பொண்ணு சும்மா சுவரையே பாத்துக்கிட்டு நிக்குது. மூஞ்சி வெளிறிப் போகுது. ஏன்னு கடைசி வரைக்கும் சொல்லல. டைரக்டர் நம்ம கற்பனைக்கு விட்டுட்டாரு."

உடனே பதில் போட்டவர், அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர். "நீங்க மனுஷனே இல்ல சார், சிங்கம்! மூணாவது படத்துல நான் பாதியிலயே எழுந்து ஓடிட்டேன்."

சிங்கத்தின் ரகசியம் சிங்கத்துக்கும் அதன் மனைவிக்கும்தான் தெரியும். சிங்கம் பேய்ப் படங்களைச் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டுத்தான் பார்க்கும். ஒருமுறை சத்தத்தோடு பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்ததிலிருந்து இந்த ஏற்பாடு. கேட்டால், காட்சியின் தூய்மை என்பார். மனைவி, "ஊமைப் படம் பாக்க நான் எதுக்கு?" என்று எழுந்து போய்விடுவாள். அவள் எழுந்து போவது பயத்தால்தான் என்று அவர் கணக்குப் போட்டார். ஊரார் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் போட்டுக் கொடுக்கிற மனிதருக்கு, வீட்டுக்குள் இருப்பது கண்ணில் படவில்லை.

திட்டம் எளியது. பின்னறையில் பேய் உலாவினால் அவள் அந்தப் பக்கமே போகமாட்டாள். பிறகு பயமறியாத ஒரே ஜீவன் அங்கே சோபா போட்டு உட்காரலாம்.

மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது பின்னறைக்குள் நுழைந்து, டைப்பிஸ்ட் ஐயாவின் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு அவள் நின்றாள்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"பின்னறையில நாற்காலி சுவரைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு மூக்கு வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "காத்தா இருக்கும்."

"ஜன்னல் சாத்தியிருந்துச்சே."

"அப்ப எனக்குத் தெரியாதும்மா. அந்த ரூம்ல தனியா உக்காந்து தைக்கறதெல்லாம்... நல்லா யோசிச்சுக்கோ."

"அதான், நேராத் திருப்பி வெச்சுட்டு வந்தேன்."

"நல்ல காரியம்."

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போய்ப் பாக்கறேன், மறுபடியும் சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கு."

அவர் டீயைக் கீழே வைத்தார். அவர் திருப்பியது ஒரே ஒரு தரம். அதன் பிறகு பகல் முழுவதும் கடையில் இருந்தார்.

"நீ சரியாத் திருப்பியிருக்க மாட்டே."

"அப்படித்தான் இருக்கும்," என்று அவள் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

அவர் சும்மா போகிற மாதிரி பின்னறையை எட்டிப் பார்த்தார். நாற்காலி சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. இருக்கைப் பலகையில் மாதக்கணக்கான தூசி. நடுவில் மட்டும் தூசி இல்லை. சற்று முன்புவரை யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, காலையில் அடுத்த வேலையில் இறங்கினார். காலை நனைத்துக்கொண்டு குளியலறையிலிருந்து பின்னறை நாற்காலி வரை அழுத்தி அழுத்தி நடந்தார். அங்கே துண்டால் பாதங்களைத் துடைத்து, தடத்தை மிதிக்காமல் தவளை போலத் தாவி வெளியே வந்து, செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அலறலுக்குக் காத்திருந்தார். அலறல் வரவில்லை. மனைவிதான் வந்தாள்.

"என்னங்க, டைப்பிஸ்ட் ஐயாவுக்கு எந்தக் கால் ஊன்ற வராது?"

"வலது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பின்னறைக்குள்ள ஈரக் காலடி போகுது. இடது கால் மட்டும்."

"இடது மட்டுமா? ரெண்டு காலும் இல்ல?"

"ஏங்க, ரெண்டும் இருக்கணுமா?"

"இல்ல இல்ல. மனுஷன்னா ரெண்டு கால் இருக்குமேன்னு கேட்டேன்."

"மனுஷன்னா இருக்கும்," என்றாள் அவள்.

போய்ப் பார்த்தார். இடது பாதம், இடது பாதம், இடது பாதம். வலது பாதம் விழுந்திருக்க வேண்டிய இடங்களில் வட்ட வட்டமாகச் சின்ன ஈரத் தடம். கட்டையின் அடி அளவுக்கு. தடம் நாற்காலிக் காலருகே போய் நின்றிருந்தது. வெளியே வரவில்லை. அவர் கண்ணெதிரே அந்த ஈரம் மெல்லக் காய்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோமோ என்று கடை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார். பேய் என்று ஒன்று இல்லைதான். ஆனால் பொய்ப் பேய் ஒன்றைக் கூப்பிட்டதும், அட, நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நிஜமானது வந்துவிட்டால்? அன்றைக்குக் கண் சோதிக்க வந்த ஒருவர் நாற்காலியில் உட்காரப் போனபோது, "மொதல்ல வலது காலை நல்லா ஊனிக் காட்டுங்க" என்றார். வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கடை விடுமுறை நாள் வந்தது. மதியத்திலேயே மேகம் கவிந்து, வீடு முழுக்கச் சாம்பல் நிற வெளிச்சம். வாரப் பேச்சுக்கு நேரமாகியிருந்தது. ஹாலில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"இங்க மெஷின் சத்தம் கேக்குமேங்க," என்றாள் மனைவி. "பின்னறையில போய்ப் பேசுங்க. நாளைக்கு உங்க தியேட்டர்தானே அது?"

"இல்ல, இங்கயே..."

"ஏங்க, உங்களுக்குமா பயம்? பல் டாக்டர் சிங்கம்னு சொல்றாரு!"

சிங்கம் என்ற பிறகு எந்த ஆண்பிள்ளையால் ஹாலில் உட்கார முடியும்? அவர் எழுந்தார். "இருங்க, ஒரு வீச்சுப் பெருக்கிட்டு வந்துடறேன்," என்று அவள் உள்ளே போனாள், பெருக்கினாள், வந்தாள், மெஷினில் உட்கார்ந்தாள். அவர் உள்ளே போனார்.

நாற்காலி சுவரைப் பார்த்து இருந்தது. அதைத் தொடவில்லை. ஜன்னலோரமாக நின்றுகொண்டார். நடையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மனைவி பக்கத்தில் இருக்கிறாள் என்பது இவ்வளவு பெரிய சுகமா என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. போனை வாயருகே கொண்டுபோனார்.

மெஷின் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. அவருக்குத் தம் மூச்சே கேட்டது. அப்போது சுவருக்குள்ளிருந்து வந்தது. முதலில் ஓர் உறுமல். கிணற்றடியில் பாறாங்கல்லை யாரோ மெல்ல நகர்த்துகிற மாதிரி.

"ம்ம்ம்ம்... ஹூ... ம்ம்ம்..."

பிறகு கொஞ்ச நேரம் வார்த்தை பிடிபடாத இழுவை; அப்புறம்தான் தெளிந்தது.

"நாஆற்... காஆலி... திரும்ம்புது..." கனத்துக் குழைந்த குரல். உயிருள்ளவன் யாரும் இவ்வளவு நிதானமாகப் பேசமாட்டான். "அதுல... உக்காந்ந்... திருந்தவன்... மட்டும்... திரும்பி... வரல..."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியது. மூன்றாவது படத்துப் பெண் ஏன் அப்படி நின்றாள் என்று அந்தக் கணம் அவருக்குப் புரிந்துபோயிற்று. டைரக்டர் எதையும் கற்பனைக்கு விடவில்லை. இவர்தான் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்.

"நண்... ப... ர்... க... ளே..." என்றது சுவர்.

எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கே தெரியாது. கதவு நிலையில் ஓர் இடி, மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மெஷினுக்குப் பின்னால் போய் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க ஆச்சு?"

"கூப்பிடுதும்மா! நண்பர்களேன்னு கூப்பிடுது! நான் ஒத்தை ஆளு, நண்பர்களேன்னா உள்ள இன்னும் யார் யாரு இருக்காங்க?"

அவள் மெஷினிலிருந்து துணியை எடுத்து மடித்தாள்.

"அப்ப அந்த ரூம் எனக்கு வேண்டாங்க. பேய் இருக்கற எடத்துல பிள்ளைங்க சீருடையைத் தைக்கலாமா? மெஷினை ஹால்ல போட்டுக்கறேன். டிவியை நீங்க பின்னறைக்கு மாத்திக்குங்க. கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா நிம்மதியாப் பாருங்க. நீங்க ஆசைப்பட்டபடியே தியேட்டர்."

கேட்ட வரம் கேட்டபடியே கிடைத்தது. கண்ணாடிக்காரர் அவள் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"வேண்டாம்மா! நீயே வெச்சுக்கோ! நாளைக்கே மெஷினைப் போட்டுடலாம்!"

"பேயோடயா?"

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல! நாற்காலியைத் திருப்பினது நான்தான்!"

"ஓ."

"ஈரக் காலடியும் நான்தான். ரெண்டு காலும் நல்லாத்தான் வெச்சேன். அது எப்படி ஒத்தைக் காலாச்சுன்னுதான் தெரியல."

"வலதை எல்லாம் நான் துடைச்சேன். அந்த எடத்துல எல்லாம் ஈர டம்ளரைக் கவுத்து வெச்சு எடுத்தேன்," என்றாள் அவள். குரலில் சிரிப்பு இல்லை, கோபம்தான் இருந்தது. "நாற்காலி மறுபடி திரும்புச்சுன்னு கதை விட்டதும், அதுல உக்காந்து எழுந்ததும் நான்தான். நல்ல மனுஷங்க அவரு. உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப அந்தக் காலை வெச்சுக்கிட்டு மழையில போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தாரு. ஒரு ரூமுக்காக அவரைப் போய்ப் பேயாக்கலாமா? மனசு எப்படிங்க வந்துச்சு?"

அவர் தலையைத் தொங்கப்போட்டார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "தப்புதான். ஆனா அந்தக் குரல்... சத்தியமா அது நான் இல்லம்மா."

"குரலும் நீங்கதாங்க."

பின்னறைக்குள் போய் அலமாரிக் கதவைத் திறந்து தன் போனை எடுத்து வந்தாள். "நீங்க கடைக்குப் போனப்புறம் அந்த மூணு படத்தையும் நான் பாத்தேன். சத்தத்தோட. மூணாவதுல சுவர் பேசும். அதான், நீங்க பேசி அனுப்பினதையே உங்க போன்ல இருந்து என் போனுக்கு மாத்தி, பெருக்கப் போனப்ப மெதுவா ஓட விட்டேன்." விரலால் எதையோ தட்டினாள். இப்போது சாதாரண வேகத்தில் வந்தது: "ம்ஹும்... வணக்கம் நண்பர்களே."

தம் குரலைத் தாம் கேட்பது அவருக்கு அதுவே முதல் தடவை. அப்படியே நின்றுவிட்டார். அவளோ மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைக் கண்ணால் காட்டினாள். பிடித்தார். இருவருமாகத் தூக்கிப் பின்னறைப் பக்கம் நடந்தார்கள். நிலைப்படி தாண்டும்போது அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, என் குரல் அவ்வளவு பயங்கரமாவா இருக்கு?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள் அவள். "ஒரு நாளாவது செருப்பை விட்டுட்டு ஓடியிருக்கேனா?"